பெரியவருக்கு ஒரு டிக்கெட்

உங்கள் ஓடிடி தளத்தில் படங்களை வகை பிரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். 'பாப்ரிகா' என்ற ஜப்பானிய அனிமேஷன் பட விவகாரம் உங்களுக்குத் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகளுக்கு ஏழு வயது. குழந்தைகள் பிரிவில் தவளைகளும் பொம்மைகளும் ஊர்வலம் போகிற முகப்புப் படத்தைப் பார்த்து ஆசையாக அழுத்தியிருக்கிறாள். நான் அடுப்படியில் இருந்தேன். அலறல் கேட்டு ஓடி வந்தால், திரையில் மேசைமேல் கிடத்திய ஒரு பெண்ணின் உடலுக்குள் ஒருவன் கையை விட்டுத் தோலைப் பிளந்துகொண்டிருக்கிறான். அன்றிலிருந்து பிள்ளை விளக்கை அணைக்க விடுவதில்லை. "தவளைங்க நல்லாத்தானே ஆடிச்சு சித்தி, அப்புறம் ஏன் அப்படிப் பண்ணாங்க?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

சரி, புகார் செய்தேன். நீங்கள் படத்தையே தூக்கிவிட்டீர்கள். குழந்தைகள் பிரிவிலிருந்து எடுங்கள் என்றுதானே கேட்டேன்? பெரியவர்கள் பிரிவில் வையுங்கள் என்றும் எழுதியிருந்தேனே.

இதன் இயக்குநர் சதோஷி கோன் முடித்துக்கொடுத்த திரைப்படங்கள் நான்குதான். 2006இல் வந்த இதுதான் கடைசி. 2010இல், 46 வயதில் அவர் போய்விட்டார். கனவுக்குள் நுழையும் கருவி ஒன்று திருடு போகிறது, போகப்போக எது கனவு எது விழிப்பு என்றே தெரியாமல் போகிறது. தெருவில் போகிறவள் விளம்பரப் பலகைக்குள் புகுந்து வேறு உருவில் வெளியே வருவாள். கேமராவில் எடுத்திருந்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரிந்திருக்கும். கையால் வரைந்ததால் நிஜமும் கனவும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. அதற்காகவே பத்து தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

வரைந்த படம் என்றாலே பிள்ளைகளுக்கு என்று யார் முடிவு செய்தது? இந்தியாவில் ஓடிடி படங்களை வயதுவாரியாக ஐந்து வகையாகப் பிரிக்க 2021 விதிகள் சொல்கின்றன. படம் ஒன்றரை மணி நேரம்தான், உங்களில் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கோபமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். பிள்ளை இன்னும் சரியாகத் தூங்கவில்லை.

கடைசிக் காட்சியில், படத்தில் வரும் துப்பறியும் அதிகாரி ஒருவர் திரையரங்கு வாசலில் நின்று பெரியவருக்கு ஒரு டிக்கெட் கேட்பார். நானும் அதைத்தான் கேட்கிறேன். தயவுசெய்து படத்தை வெட்டாமல், முழுதாகப் பெரியவர்கள் பிரிவில் திரும்ப வையுங்கள். குழந்தைகள் பிரிவில் இதுபோல் வேறு என்னென்ன கிடக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறை வரப்போகிறது.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்