சாட்ஸ்வொர்த் பட்டறைக்கு வந்த அக்காவுக்கு

பெயர்கூடச் சொல்லாமல் போன அக்காவுக்கு வணக்கம்.

ஓவி5640 கேமரா எழவே இல்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் ஐ2சி பிழை -121 மட்டும்: சென்சாரோடு பேசும் இரண்டு கம்பி இணைப்பில் கோளாறு என்று பொருள். எல்லோரும் கேபிளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். (பாவம், அது நல்ல கேபிள்.)

யாரும் கேட்காமலே மல்டிமீட்டரை எடுத்துப் பவர்டவுன் பின்னில் வைத்தீர்கள்: 1.8 வோல்ட். அது உயர்ந்து நின்றால் சென்சார் தூங்கும். ஐ2சிக்குப் பதில் வராது. டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ரீசெட், பவர்டவுன் இரண்டு பின்களையும் 'ஆக்டிவ் லோ' (மின்னழுத்தம் தாழ்ந்தால் செயல்படும்) என்று எழுதியிருந்தோம். ரீசெட்டுக்கு அது சரி, பவர்டவுனுக்கு 'ஆக்டிவ் ஹை' (உயர்ந்தால் செயல்படும்) வேண்டும். கேமராவை இயக்கும் டிரைவர் நிரலில் ஒரு வரியும் தொடாமல் டிவைஸ் ட்ரீயில் அந்த ஒரு கொடியை (ஃபிளாக்) மட்டும் மாற்றினீர்கள். ரீசெட்டை விடுவித்ததும் 20 மில்லிசெகண்ட் பொறுக்கவும் சொன்னீர்கள்.

சிப் அடையாளம் 5640 என்று வந்தபோது நீங்கள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள். டீ ஆறிப்போனது. நன்றி அக்கா.