நாற்காலியை முதலில் அளந்து பார்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பழியை அக்னி நட்சத்திரத்தின் மேல் போட்டுவிடுகிறேன். இந்த வெயிலில் பேனாவைத் தொடவே மனசு வரவில்லை. உன் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதற்கு என் வாழ்த்தைச் சொல். பிசியோதெரபி படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னால் நான் ஒன்றும் தூண்டிவிடவில்லை, சரியா!

நாகர்கோவிலில் உன் கிளினிக்குக்கு வரும் வயதானவர்களை வைத்து ஆய்வு செய்யப் போகிறாய், தசை பலத்தை அளக்க எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கையால் எதிர்த்துப் பிடித்து 0 முதல் 5 வரை கிரேடு போட்டால் ஆய்வுக்குப் போதாது என்பது உண்மைதான். நாம் 4 என்று போடுபவர்களில் படியேறத் திணறுகிறவரும் இருப்பார், அரிசி மூட்டை சுமக்கிறவரும் இருப்பார். ஆனால் கருவி வந்துவிட்டால் எண் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி நான் ஏமாந்த கதையைக் கேள்.

கைப்பிடி டைனமோமீட்டரின், அதாவது கை இறுக்கிப் பிடிக்கும் பலத்தை அளக்கும் கருவியின், டயலில் கிலோ, பவுண்டு என்று இரண்டு வளையம் உண்டு. வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நாங்கள் செய்யும் ஆய்வில், ஒரு நாள் முழுக்க எங்கள் மாணவன் பவுண்டைப் பார்த்துக் கிலோ என்று எழுதியிருக்கிறான். ஒரு பாட்டிக்கு 36! அவருடைய மணிக்கட்டைப் பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்குப் போட்டால் 16 கிலோதான் வருகிறது. வயதானவர்களின் தசை இழப்புக்கு ஆசியப் பணிக்குழு 2019-ல் வைத்த பிடிபல வரம்பு பெண்களுக்கு 18 கிலோ, ஆண்களுக்கு 28. அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். நாங்களோ அவரைப் பயில்வானாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அப்புறம் கூப்பிட்டு மறுபடி அளந்தது தனிக்கதை.

கால் பலத்துக்குக் கையில் பிடித்து அளக்கும் சின்ன டைனமோமீட்டர். காசிமேட்டிலிருந்து வந்த பெரியவர், நாற்பது வருஷம் வலை இழுத்தவர். அவர் முழங்காலை நீட்டியதும், எதிரே கருவியைப் பிடித்துக்கொண்டிருந்த மாணவி சுவர் வரைக்கும் போய்விட்டாள். "பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அன்றைக்குக் கருவி காட்டியது அவளுடைய பலத்தை. மறுநாளிலிருந்து பெல்ட் போட்டுக் கட்டிலின் காலில் கருவியைக் கட்டி அளந்தோம். நீ வாங்கினால் பெல்ட்டையும் சேர்த்து வாங்கு.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நல்ல நாற்காலி வாங்கு. 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணும் சோதனைக்கு உட்காரும் உயரம் 43 செ.மீ., கைப்பிடி கூடாது, சுவரில் ஒட்டி இருக்க வேண்டும். நாங்கள் சமூகக்கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து ஆரம்பித்தோம். உட்கார்ந்தால் நடுவில் அமுங்குகிறது, மொசைக் தரையில் வழுக்குகிறது. ஒரு வாரம் கழித்து வேறு கூடத்தில் இரும்பு நாற்காலி. அதே ஆள், இரண்டு எண்ணிக்கை கூடுதல். பயிற்சியின் பலனா, நாற்காலியின் பலனா? எனக்கே பதில் சொல்ல முடியவில்லை, அந்தத் தரவு முழுவதையும் தூக்கிப் போட்டேன். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் சோதனைக்கும் இதே வம்புதான். 30 மீட்டர் நேர்நடை வேண்டும். பத்து மீட்டர் வராந்தாவில் நடக்கவிட்டால் திரும்புவதிலேயே வேகம் போய்விடும். பேச்சையும் கட்டுப்படுத்த வேண்டும்: ஒவ்வொரு நிமிடமும் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட வரையறுத்திருக்கிறார்கள். எங்கள் மாணவிகளோ "வாங்க பாட்டி, வாங்க வாங்க" என்று கூடவே ஓடுகிறார்கள்.

என்னை நிஜமாகவே உறுத்துவது வேறு. மூன்று மாதப் பயிற்சியில் ஒரு அம்மாவுக்கு முழங்கால் நீட்டும் பலம் நன்றாகவே ஏறியது. எண்ணைக் காட்டினேன். "அதெல்லாம் சரிம்மா, கோலம் போட்டுட்டு எந்திரிக்க முடியலையே" என்றார். கோலத்துக்குக் குந்த வேண்டும், சாப்பாட்டுக்குச் சம்மணம் போட வேண்டும். நாம் நாற்காலியைச் சுற்றியே அளந்துகொண்டிருக்கிறோம். தரையில் உட்கார்ந்து எழும் சோதனை ஒன்று உண்டு: உட்கார 5 புள்ளி, எழ 5 புள்ளி, கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி குறையும். அதைப் பிரபலமாக்கியவர்கள் பிரேசில்காரர்கள். தரையிலேயே வாழ்ந்த நமக்குத் தோன்றவில்லை, பார்! அடுத்த சுற்றில் அதையும் சேர்க்கிறேன். வலியுள்ள முழங்காலுக்கு ஒத்துவருமா என்று கொஞ்சம் தயக்கம், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

நீயும் அதைச் சேர்த்துக்கொண்டால் நம் இருவர் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் உன் கிளினிக் நாற்காலியின் உயரத்தை அளந்து எழுது. குஷனோடு இல்லை, குஷனை எடுத்துவிட்டு.

அன்புடன்,
மாலதி