பிரவுசர் விஷயமாக

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கடைத்தெருவில் கூட்டம். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, மதுரைக்குப் பஸ்ஸில் போகலாம் என்றாலே அம்மா முறைக்கிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கல்லூரியின் ஆன்லைன் பாடங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று குரோம், எட்ஜ், பிரேவ் மூன்று பிரவுசரிலும் ஓட்டிப் பார்த்தேன், போதாதா என்கிறாய். போதாது. அந்த மூன்றும் சட்டை மாற்றிய ஒரே ஆள்தான். எட்ஜ் 2020-லேயே குரோமியத்துக்கு, அதாவது குரோமின் அடித்தளத்துக்கே வந்துவிட்டது. மூன்றுக்குள்ளும் ஓடுவது பிளிங்க் என்ற ஒரே எஞ்சின், பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுவது அதுதான். ஃபயர்பாக்ஸில் கெக்கோ, சஃபாரியில் வெப்கிட். இந்த இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் முடிந்தது என்று சொல்லாதே. நம் ஊர் ஐபோனில் குரோம் போட்டிருந்தாலும் உள்ளே வெப்கிட்தான். அப்புறம், கம்ப்யூட்டர் குரோமில் திரையைப் போன் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கிறாயே, அது அளவை மட்டும்தான் காட்டும்.

நான் இப்போது பார்ப்பது கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்கான பாடம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டுவதில் தொடங்கி, 45 நாளில் பாசியை அறுப்பது வரை வீடியோ, இடையிடையே கேள்விகள். செய்து கொடுத்தவர்கள் பெரிய திரையில் பார்த்து ஓகே சொல்லிவிட்டார்கள். தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் போனோடு வந்த பிரவுசரிலேயே உட்கார்ந்து முழுப் பாடத்தையும் முடித்தார். எங்கள் பட்டியலிலோ அவர் பாதியில் நிற்கிறார்! அவருக்கு வந்த கோபம் நியாயம்தான்.

விஷயம் இதுதான். ஸ்கார்ம் (ஆன்லைன் பாடம் மதிப்பெண்ணைப் பதிவுசெய்யும் ஒரு பொது முறை) பாடங்கள் பலவும் பக்கத்தை மூடும் நேரத்தில்தான் மதிப்பெண்ணை சர்வருக்கு அனுப்புகின்றன. போனில் யார் பக்கத்தை மூடுகிறார்கள்? நடுவில் ஒரு கால் வரும், வாட்ஸப்புக்குப் போவார்கள், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து விரலால் தள்ளிவிடுவார்கள். மூடியது பாடத்துக்குத் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, மூடும்போது சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் பழைய முறையை குரோம் 2020-இல், 80-ஆம் பதிப்பிலேயே நிறுத்திவிட்டது. அதனால் படிப்பவர் சொல்லும் ஒவ்வொரு விடையையும் உடனே சேமி, பக்கம் கண்ணிலிருந்து மறையும்போது இன்னொரு முறை சேமி என்று பாடம் செய்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள். நீயும் பாதிப் பாடத்தில் வாட்ஸப்புக்குத் தாவி, பிரவுசரைத் தள்ளிவிட்டு, மறுபடி திறந்து பார். எழுத்து கலைவதும் பொத்தான் நகர்வதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மார்க் தொலைவது சான்றிதழ் கேட்கும் நாளில்தான் தெரியும்.

பாடம் வேறு தளத்திலிருந்து ஐஃபிரேமுக்குள், அதாவது உங்கள் பக்கத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் வருகிறதென்றால் சஃபாரியைக் கட்டாயம் பார். லாகினை நினைவில் வைக்கும் சின்னக் கோப்பான குக்கீ பிற தளத்தினுடையதாக இருந்தால், அதை சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து முழுக்கத் தடுக்கிறது. லாகின் செய்த பிள்ளையிடமே திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேட்கும். தானாகப் பேச ஆரம்பிக்கும் ஆடியோவையும் நம்பாதே, ஒரு பிளே பொத்தான் வைத்துவிடு.

மாணவர்கள் எந்தப் போன், எந்த பிரவுசர் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் எழுதி வாங்கு. ஐபோன் கிடைக்காவிட்டால் லிங்கை எனக்கு அனுப்பு. தங்கச்சி வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்தது ஒன்று இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அனுப்பு. அதுவரை அது மருமகள் கையில்தான்.

அன்புடன்,
உன் மச்சான்,
பாம்பன்