இந்த வாரம் கேட்கப்போவது: ரோஜர் டால்ட்ரி

நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு மாலை நாம பேசப்போற ஆல்பம், பிரிட்டிஷ் ராக் குழு 'தி ஹூ'வோட பாடகர் ரோஜர் டால்ட்ரியின் 'ஆஸ் லாங் ஆஸ் ஐ ஹேவ் யூ'. 2018 ஜூன்ல வந்தது. அப்போ அவருக்கு வயசு 74.

வேலை பாதியில் இருக்கும்போது 2015-ல் மூளைக்காய்ச்சல் வந்து படுத்துட்டார். ஆல்பத்தையே கைவிடுற நிலை. பதிவானதைக் கேட்டு, முடிச்சே ஆகணும்னு தெம்பு கொடுத்தது தி ஹூ கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட்; ஏழு பாட்டுக்கு கிட்டாரும் அவர்தான்.

தலைப்புப் பாட்டு கார்னெட் மிம்ஸ் 1964-ல் பாடிய சோல் (கறுப்பின அமெரிக்கர்களோட உணர்ச்சி ததும்பும் பாணி) பாட்டு. தி ஹூ ஆரம்ப நாட்களிலேயே மேடையில் வாசிச்சது. ஸ்டீவி வொண்டர் பாட்டும் ஒண்ணு இருக்கு, அதுல பித்தளை வாத்தியங்கள் அமர்க்களம்.

ஆனா என்னை உலுக்கினது ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவோட 'இன்டு மை ஆர்ம்ஸ்' பாட்டை டால்ட்ரி பாடியிருக்கிற விதம். அரங்கம் அதிரக் கத்திய குரல், இதில் கீழ் ஸ்தாயியிலேயே நிக்குது. வரி முடியுற இடத்தில் அந்தக் கரகரப்பைக் கவனிங்க. வயசை மறைக்கவே இல்லை மனுஷன்!

தயவுசெய்து ஹெட்போன்ல கேளுங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டைச் சனிக்கிழமை ராத்திரிக்குள்ள இங்கே போட்டுடுங்க, அந்த வரிசையிலேயே பேசுவோம்.