ப்ரூயிட்-ஐகோ: பழி வரைபடத்துக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நவீனக் கட்டடக்கலையின் கனவு நரகமானதற்குச் சான்றாக, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்காக அரசு கட்டிய ப்ரூயிட்-ஐகோ அடுக்குமாடிக் குடியிருப்பையே எல்லோரும் காட்டுகிறார்கள். மினோரு யமசாகி வடிவமைத்தது; 33 கட்டடங்கள், 11 தளங்கள், 2,870 வீடுகள். 1954இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1972இல் வெடிவைத்துத் தகர்க்கும் வேலை ஆரம்பித்துவிட்டது.

வடிவமைப்பில் பிழை இருந்தது உண்மை. தரைத்தளத்தை 1 என்று எண்ணினால் 1, 4, 7, 10 ஆகிய தளங்களில்தான் லிஃப்ட் நிற்கும். மற்றவர்கள் படிக்கட்டில் ஏறியோ இறங்கியோ வீடு சேர வேண்டும். வழிப்பறிக்குத் தோதான இடமாக அந்தப் படிக்கட்டே ஆனது. கீழே பொதுக் கழிப்பறையும் இல்லை. விளையாடும் பிள்ளை அவசரத்துக்கு எங்கே போகும்?

ஆனால் யமசாகியின் முதல் திட்டத்தில் உயரம் குறைந்த வீடுகளும் கலந்திருந்தன. மத்திய அரசின் செலவு வரம்பு அவற்றை அடித்துவிட்டது. பூட்டும் கதவுக் கைப்பிடியும்கூட மலிவுச் சரக்கு.

இதைவிடப் பெரிய கோளாறு வரவு-செலவில். கட்டுவதற்கு மத்திய அரசின் பணம் உண்டு. பராமரிப்புக்கு வாடகையை விட்டால் வேறு வழியில்லை. 1950இல் சுமார் 8.57 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1970இல் 6.22 லட்சமாகச் சரிந்தது. வீடுகள் காலியாகின, வாடகை வரவு சுருங்கியது, லிஃப்டும் குழாய்களும் பழுதாகிக் கிடந்தன, அதனால் இன்னும் பலர் வெளியேறினார்கள். இருந்த ஏழைகள் மீது வாடகையை ஏற்றினார்கள். 1969இல் அவர்கள் வாடகை தர மறுத்துப் போராடினார்கள். இடிபடும் கட்டடத்தின் படத்தை வெளியிடுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டடக் கலைஞர், மதுரை