இல்லாத லாரிக்குப் பிரேக்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். மியூனிக்கில் இப்போது சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கடைகளும் கிடையாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் நீங்கள் "அங்கே என்னதான்டா வேலை?" என்று கேட்டதற்கு ரேடார் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டு நான் விமானப்படையில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்கிறாராம். அவரிடம் சொல்லிவிடுங்கள், இது கார் ரேடார். ராணுவ ரேடார் பக்கமெல்லாம் வெளிநாட்டுக்காரன் நுழைவது லேசில்லை.

பம்பருக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று இருக்கும். 77 கிகாஹெர்ட்ஸில் அலையை அனுப்பும், பட்டுத் திரும்புவதைக் கேட்கும். 150 மீட்டர் தள்ளியிருக்கும் லாரிக்குப் போய்வர ஒரு மைக்ரோ செகண்ட். எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குமே, அதே சங்கதியை வைத்து வேகத்தையும் கண்டுபிடிக்கிறோம். கணக்கு என்று பார்த்தால் காலேஜில் நான் அரியர் வைத்த அதே ஃபூரியர்தான் (கலந்து வரும் அலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் கணக்கு), இப்போது அதுதான் சோறு போடுகிறது.

ஆனால் தூரமும் வேகமும் சுலபமான பாதி. திரும்பி வருவதில் எது நிஜம் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. போன மாதம் டெஸ்ட் காரில் போனபோது சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு லாரி ஓடுவதாகத் திரை காட்டியது. அங்கே வெறும் வயல். எங்களுக்கு முன்னால் போன லாரிதான் தடுப்பில் பட்டுக் கண்ணாடியில் தெரிவதுபோல அங்கே தெரிந்திருக்கிறது. இப்படி ஒன்று நம் பாதையிலேயே தோன்றினால் கார் தானாகவே நடுரோட்டில் பிரேக் போடும், பின்னால் வருபவன் வந்து இடிப்பான். சரி, கொஞ்சம் பலவீனமாக வரும் எதிரொலியை எல்லாம் தள்ளிவிடலாம் என்றால், மனிதனின் எதிரொலியே பலவீனமானதுதான். நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றால் லாரியின் பெரிய எதிரொலியில் அவர் காணாமல் போய்விடுகிறார். ரோட்டில் கிடக்கும் கோலா டின் சமயத்தில் அவரைவிடப் பெரிதாகத் தெரியும்! இரண்டு வருடமாக இந்த ஒரு எல்லைக்கோட்டைத்தான் மேலே கீழே நகர்த்திக்கொண்டிருக்கிறேன், அதுவும் ஒரு சின்னச் சிப்புக்குள், விநாடிக்கு இருபது தடவை முடிவு சொல்லும்படி. பம்பரில் ஈரப்பனி அப்பிக்கொண்டால் ரேடாரும் குருடு.

இதெல்லாம் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1904லேயே ஹூல்ஸ்மேயர் என்ற ஜெர்மானியர் கொலோன் நகரத்தில், ரைன் ஆற்றில் வரும் கப்பலைக் கண்டதும் மணி அடிக்கும் கருவியைச் செய்து காட்டினார். கப்பல்கள் மூடுபனியில் மோதக் கூடாது என்பதுதான் அவர் நோக்கம். வாங்க ஆளில்லை, பாவம்.

மூடுபனி என்றதும் உங்கள் ஏற்காடு ரூட்தான் நினைவுக்கு வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு, முன்னால் பத்தடி தெரியாது, ஆனாலும் எதிரே வண்டி வருகிறது என்று முன்கூட்டியே ஒதுங்குவீர்களே, எதை வைத்து? சும்மா பழக்கம் என்று சொல்லாமல் அடுத்த தடவை போனில் நிதானமாகச் சொல்லுங்கள், நிஜமாகவே எனக்குத் தேவை.

அம்மாவிடம் பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்