ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்கு: செட்டர்பெர்க்கை இன்னும் எத்தனை வருஷம் வாசல்லயே நிக்க வைப்பீங்க?

டொராண்டோவுல இருக்குற ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் (ஐஸ் ஹாக்கியோட பெரிய ஆளுங்களுக்கான கௌரவப் பட்டியல்) தேர்வுக் குழு, 18 பேருக்கும் வணக்கம்.

வருஷா வருஷம் ஜூன்ல உங்க லிஸ்ட் வரும், நானும் மேலருந்து கீழ வரைக்கும் படிப்பேன், டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு ஆடுன ஸ்வீடன் வீரர் ஹென்ரிக் செட்டர்பெர்க் பேரு இல்லன்னதும் ஃபோனை கவுத்து வச்சுட்டு வேற வேலையப் பாக்கப் போயிருவேன். 2025 லிஸ்ட் வரைக்கும் இதே கதைதான். உங்க விதிப்படி 18ல 14 ஓட்டு வேணும், யாரு போட்டா யாரு போடலங்குறத வெளிய சொல்ல மாட்டீங்க, சரி, அதனால போடாதவங்களுக்குன்னு தனியா எழுத வழியில்ல, மொத்தமா எல்லாருக்கும் எழுதுறேன். போட்டவங்க யாராவது இருந்தா கோச்சுக்காதீங்க.

1999 டிராஃப்ட்லருந்து, அதாவது வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான NHL-ல டீமுங்க இளம் வீரருங்கள வரிசையா தேர்ந்தெடுக்குற எடத்துலருந்து, ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் ஸ்வீடன்லருந்து வந்த செடின் இரட்டைப் புள்ளைங்க ரெண்டாவது, மூணாவது எடத்துல போனாங்க, வான்கூவர் டீம் ரெண்டு பேரையும் பிரிக்காம அள்ளிக்கிச்சு. செட்டர்பெர்க் போனது 210வது எடத்துல, ஏழாவது ரவுண்டுல. அதாவது 209 பேரு பந்தில உக்காந்து சாப்ட்டு, கை கழுவி, வெத்தல பாக்கு போட்டு வெளிய போனதுக்கு அப்புறம் இவருக்கு எலை போட்டாங்க. சுன்ஸ்வால் பக்கத்துல நியூருண்டாக்காரரு, டிம்ரோ கிளப்புல ஆடிட்டு இருந்தாரு, ஆளு பெருசா வாட்டசாட்டமும் கெடையாது. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஆளுங்க கூட வேற ஒரு பையனப் பாக்கப் போன எடத்துலதான் இவரப் பாத்தாங்கன்னு சொல்லுவாங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் பக் (பந்துக்குப் பதிலா ஐஸ்ல ஓடுற ரப்பர் வட்டு) இந்தச் சின்னப் பையன்கிட்டயே இருக்கே, யாருடா இவன்னு கேட்டு எடுத்த ஆளு.

இதை ஏன் சொல்றேன்னா, செடின் சகோதரர்களும் இவரும் ஒரே டிராஃப்ட், கடைசி சீசனும் மூணு பேருக்கும் ஒண்ணேதான், 2017-18. அவங்க ரெண்டு பேரையும் 2022ல உள்ள கூப்ட்டீங்க, கூடவே டேனியல் ஆல்ஃபிரட்சனையும், மூணு பேருமே தகுதியானவங்க, அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. அடுத்து 2023ல கோல் கீப்பர் லுண்ட்க்விஸ்ட். 2024ல இவரோட சொந்த டீம் ஜோடி பாவெல் டாட்சுக், இந்த ரெண்டு பேரையும் டெட்ராய்ட்ல யூரோ ட்வின்ஸ்னே கூப்டுவாங்க, ட்வின்ஸ்ல ஒருத்தருக்கு கதவத் தொறந்துட்டு இன்னொருத்தர வாசல்லயே விட்டுட்டீங்க. டாட்சுக் 918 பாயிண்ட், செட்டர்பெர்க் 1082 மேட்ச்ல 337 கோல், 623 அசிஸ்ட் (கோலுக்கு பாஸ் குடுத்தது), மொத்தம் 960. மேட்சும் அதிகம்தான், ஒத்துக்கறேன்.

அந்த 960தான் உறுத்துதா? ஆயிரத்துக்கு 40 கம்மி. அவரு போட்ட ஜெர்சி நம்பரும் 40, கடவுளே கிண்டல் பண்ற மாதிரி. ஆனா ஆயிரம்தான் அளவுகோல்னா 885 பாயிண்ட் எடுத்த பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்க 2014ல எப்படி உள்ள விட்டீங்க? கரெக்டாத்தான் விட்டீங்க, அவரு ஆட்டத்த பாத்து விட்டீங்க. அதே கண்ணோட இவரையும் பாருங்கன்னுதான் கேக்குறேன்.

2008 ஸ்டான்லி கப் (NHL சாம்பியன் கோப்பை) ஃபைனல், பிட்ஸ்பர்க்ல நாலாவது மேட்ச். டெட்ராய்ட் 2-1 முன்னாடி இருக்கு, மூணாவது பீரியட், டெட்ராய்ட் ஆளுங்க ரெண்டு பேரு தப்பு பண்ணி பெனால்ட்டி பாக்ஸ்ல போயி உக்காந்துட்டாங்க, அஞ்சு பேருக்கு எதிரா மூணு பேரு, ஒன்றரை நிமிஷத்துக்கு கொஞ்சம்தான் கம்மி. எதிர்ல பிட்ஸ்பர்க்கோட பெரிய ஸ்டாருங்க க்ராஸ்பி, மால்கின். பக் குறுக்க ஓடி வருது, கோல் போஸ்ட் பக்கத்துல க்ராஸ்பி ஸ்டிக்க வச்சுகிட்டு நிக்குறாரு, தட்டி விட்டா கோல், 2-2. செட்டர்பெர்க் அங்க வந்து க்ராஸ்பியோட ஸ்டிக்க லேசா தூக்கி விட்டாரு பாருங்க, அவ்ளோதான், பக் போயிருச்சு. ஸ்கோர்ஷீட்ல அதுக்கு எந்த எடத்துலயும் ஒரு கோடு கூட விழல. கோலும் இல்ல அசிஸ்ட்டும் இல்ல. அந்த மேட்ச் ஜெயிச்சாங்க, சீரீஸ் 3-1 ஆச்சு, ஆறாவது மேட்ச்ல கப்ப ஜெயிச்சுக் குடுத்த கோலும் இவருதுதான், பக் பிட்ஸ்பர்க் கோல் கீப்பர் ஃப்ளூரி கால் இடுக்குல போயி நின்னு, அவரு பின்னால உக்காரப் போயி தானே உள்ள தள்ளிக்கிட்ட கோல். அந்த வருஷம் பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு கப்புக்காக நடக்குற சுற்றுகள்ல) 27 பாயிண்ட், அதுல சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் டிராஃபி, லிட்ஸ்ட்ரோமுக்கு அப்புறம் அத வாங்குன ரெண்டாவது ஐரோப்பியர் இவரு.

நான் சொல்ல வர்றது அந்த ஸ்டிக்கப் பத்திதான். நீங்க பாயிண்ட்ட எண்றீங்க, விழாம போன கோலை யாரு எண்றது? ஒரு பக்கம் 43 கோல் போட்டுக்கிட்டு (அதே 2007-08 சீசன்தான், அதுவும் 75 மேட்ச்ல) இன்னொரு பக்கம் எதிர் டீமோட பெரிய தலைய பூட்டு போட்டு வைக்கிறதுன்னா, ஒருத்தரே வீட்டுல சமைச்சு வாசல்ல காவலும் காக்குற மாதிரி.

2006 பத்தி சுருக்கமா சொல்லிடறேன், உங்களுக்கே தெரியும். டூரின் ஒலிம்பிக் ஃபைனல்ல ஃபின்லாந்து முதல்ல அடிச்சிருச்சு, சமன் பண்ணுனது செட்டர்பெர்க், ஸ்வீடன் 3-2 ஜெயிச்சு தங்கம். சில மாசத்துல ரீகாவுல உலக சாம்பியன்ஷிப்பும் தங்கம், ஒரே வருஷத்துல ரெண்டையும் ஜெயிச்ச முதல் நாடு. ஸ்டான்லி கப் வந்ததோட மூணும் சேந்துருச்சு.

முதுகுதான் கெடுத்துச்சு. 2014 சோச்சியில ஸ்வீடனுக்கு கேப்டன், ஒரே ஒரு மேட்ச், டிஸ்க் பிரச்சனை, நேரா ஆபரேஷன். ரெண்டு மாசத்துல பாஸ்டனுக்கு எதிரா பிளேஆஃப்ல வந்து நிக்குறாரு, வீட்டுல இருந்தா யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. 2017 ஏப்ரல்ல டெட்ராய்ட்டோட பழைய மைதானம் ஜோ லூயிஸ் அரீனாவுல நடந்த கடைசி மேட்ச், அதுவே இவருக்கு ஆயிரமாவது மேட்ச், அன்னிக்கும் ஒரு கோல். அதுக்கு அடுத்த சீசன், முதுகு தேஞ்சு ப்ராக்டிஸே சரியா பண்ண முடியாத சீசன், 82 மேட்சும் ஆடுனாரு. ஒண்ணு கூட விடல. 56 பாயிண்ட். செப்டம்பர்ல டிரெய்னிங் கேம்ப் ஆரம்பிக்கிற அன்னிக்கு, இனி இவரால ஆட முடியாதுன்னு டீம்ல சொல்லிட்டாங்க. அப்போ வயசு 37. இன்னும் ஒரு சீசன் நொண்டிகிட்டே ஆடியிருந்தா அந்த 40 பாயிண்ட் வந்திருக்கும், நீங்களும் கண்ண மூடிகிட்டு ஓட்டு போட்டிருப்பீங்க, அதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு.

ஒரு வருஷத்துக்கு ஆம்பள வீரருங்க நாலு பேரு வரைக்கும்தான்னு உங்க கணக்கு, நெருக்கடி இருக்கும், புரியுது. ஆனா ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னா நெருக்கடின்னு சொல்லலாம், இது அதையும் தாண்டி போயிட்டு இருக்கு.

அடுத்த தடவ ரூமுல உக்காரும்போது யாராவது ஒருத்தர் அந்த ஒன்றரை நிமிஷ வீடியோவ போட்டுக் காட்டுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஃபோன் பண்றதா முடிவாச்சுன்னா, ஸ்வீடனுக்கும் டொராண்டோவுக்கும் ஆறு மணி நேரம் வித்தியாசம், மத்தியானம் போல கூப்டுங்க, அங்க சாயங்காலமா இருக்கும், எடுப்பாரு.